காது மிஷின் 48,000 ரூபாய், செயலி இலவசம்: எட்டு மாதம் புழங்கிய பிறகு

இது இரண்டு பொருளைப் பற்றிய விமர்சனம். ஒன்று, அப்பாவுக்கு வாங்கிய காது மிஷின், ஜோடி 48,000 ரூபாய். இன்னொன்று, நாம் பேசப் பேச அதை எழுத்தாக்கித் திரையில் காட்டும் கைபேசிச் செயலி, காசே இல்லை. இரண்டையும் எட்டு மாதமாக வீட்டில் புழங்குகிறோம். கம்பெனி பெயரும் கடை பெயரும் போடவில்லை, ஏனென்றால் கொஞ்சம் திட்டவும் போகிறேன், அதோடு நாலு பேரிடம் விசாரித்ததில் இந்த விலைக்கு யார் எங்கே வாங்கியிருந்தாலும் கதை கிட்டத்தட்ட இதேதான். அவசரத்தில் இருப்பவர்களுக்கு: மிஷினுக்கு ஐந்துக்கு மூன்று, செயலிக்கு மூன்றரை, எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை, அதுவும் இப்போதுதான்.

அப்பாவுக்கு 71 வயது. கோவை பக்கத்துச் சோமனூரில் 38 வருடம் தறி ஓட்டியவர். சாதா விசைத்தறி, காடா துணி, அதாவது வெளுக்காத, சாயம் போடாத துணி. தறிக்குடோனுக்குள் போய் நின்றவர்களுக்குத் தெரியும், இருபது தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்து ஆளின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விழாது. தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம். தறிக்குடோன் அதைச் சாதாரணமாகத் தாண்டும், அப்பா ஓட்டியதோ பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காதில் பஞ்சு வைக்கலாமே என்று கேட்டால், பஞ்சு வெச்சா தறி சத்தம் மாறுறது தெரியாது, தெரியலைன்னா துணி போயிரும் என்பார். சரி, துணி போகவில்லை, காது போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை, அதுதான் சங்கடம். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி இருக்கும் சுருளுக்குள் நுண்ணிய முடி போன்ற செல்கள் இருக்கின்றன, அவை செத்தால் திரும்ப முளைக்காது. இரைச்சலால் கெடுகிற காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள மெல்லிய, கூர்மையான ஒலிகளை விடும். பேச்சில் உயிரெழுத்து தடிமனாகக் காதில் விழும், மெய்யெழுத்து பல சமயம் காணாமல் போகும். அப்பாவுக்குக் கடை, தடை, சடை, படை, வடை எல்லாமே ஏறக்குறைய ‘அடை’தான். அம்மா "கடைக்குப் போயிட்டு வாரேனுங்க" என்றால் "எனக்கு வடை வேண்டாம்" என்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். பத்து வருடம் இதைச் சிரிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் தெரியலை" என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் மருத்துவ விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை, கவனிக்காமல் இருந்துவிட்டு சாக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

உண்மை வெளியே வந்தது 2020இல், கொரோனா சமயத்தில். எல்லோரும் முகக்கவசம் மாட்டிய வாரத்தில் அப்பா சுத்தமாகச் செவிடாகிவிட்டார். மளிகைக் கடையில், ரேஷனில், எங்கும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அத்தனை வருடம் அவர் பாதிப் பேச்சைக் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், உதட்டைப் பார்த்து. அதிலும் பாதிதான் தெரியும், பாருங்கள்: கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’ என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் ‘மாடு’ சொல்லுங்கள். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். ககரம் தொண்டைப் பக்கமே முடிந்துவிடும், வெளியே தெரியவே தெரியாது. மிச்சத்தை இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருந்தால் மனிதனுக்கு எவ்வளவு அலுப்பாகும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அதன் பிறகும் மூன்று நாலு வருடம் இழுத்தடித்துத்தான் காது மிஷின் வாங்கப் போனோம். கோவையில் ஒரு கடை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிச் சோதித்தார்கள். வரைபடம் இடது பக்கம், தடித்த ஒலிகளில், சுமாராகத் தொடங்கி வலது பக்கம், கூர்மையான ஒலிகளில், கிணற்றுப் படி மாதிரி இறங்கியது. சராசரி 58 டெசிபல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரண்டு காதிலும் 60 முதல் 70 வரை இழப்பு இருந்தால்தான் கேட்புத்திறன் குறைந்தவர், 70க்கு மேல் காது கேளாதவர். அப்பா இரண்டு டெசிபலில் எந்தக் கணக்கிலும் வராமல் நின்றார். "ரெண்டு மார்க்ல பெயில்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கடையில் சோதனை ஒழுங்காகத்தான் செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை அங்கே சோதித்த பெண் என்னிடம்தான் பேசினார். அவருக்குச் சர்க்கரை இருக்குங்களா, அவர் என்ன வேலை பார்த்தாரு, அவருக்குக் காதுக்குள்ள இரைச்சல் இருக்குங்களா. காது கேளாதவர்களுக்கு மட்டுமே பொருள் விற்கும் கடை அது. நானும் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். காதுக்குள் இரைச்சல் இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும், "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா சொன்னார், "அம்மிணி, என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. ராத்திரியெல்லாம் காதுக்குள்ள தறி ஓடுது." தறியை விட்டு இறங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

இப்போது மிஷின். காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, மெல்லிய குழாய் காதுக்குள் போகும். மாட்டிய முதல் நாள் அப்பா வீடு முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தார். பேப்பர் மடிக்கிற சத்தம், அம்மாவின் வளையல், குழாயில் சொட்டுகிற தண்ணீர், பிளாஸ்டிக் பை. பிளாஸ்டிக் பை சத்தம் மட்டும் அவருக்கு ஆகவே இல்லை, கசங்கினால் முகத்தைச் சுளித்தார். எங்கள் எல்லோருக்கும் கண்ணாடி போடுகிற மாதிரி ஒரு நினைப்பு, மாட்டினால் உடனே தெளிவாகிவிடும் என்று. அப்படி இல்லை. மிஷின் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான், செத்துப்போன செல் கொடுக்க வேண்டிய தெளிவை அதனால் கொடுக்க முடியாது. பேச்சையும் தூக்கும், மிக்ஸியையும் தூக்கும். மூளை பழைய ஒலிகளுக்கு மறுபடி பழக வாரக்கணக்கில் ஆகும், நடுவில் இரண்டு மூன்று தடவை கடைக்குப் போய் அளவைத் திருத்த வேண்டும். இதை விற்கும்போதே சொன்னார்கள், எங்கள் காதில்தான் விழவில்லை.

நல்லது எது என்றால், ஓர் அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் அருமையாக வேலை செய்கிறது. அம்மாவும் அப்பாவும் காலையில் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேசுவது திரும்ப வந்திருக்கிறது, 48,000 ரூபாயில் பாதி அதற்கே கழிந்துவிட்டது என்பேன். கெட்டது: கல்யாண மண்டபத்தில் பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. மேளம், தட்டுச் சத்தம், மைக் எல்லாம் ஒன்றாகக் கலந்து உள்ளே போய் தலைவலிதான் மிச்சம், கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். காதில் சரியாக உட்காராவிட்டால் கீ என்று விசில் அடிக்கும், அது அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்கும். வியர்வை பெரிய எதிரி. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் இழுக்கும் சிலிக்கா மணி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். பேட்டரி 312 நம்பர், பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டியது, எங்களுக்கு வாரம் ஒரு ஜோடி தீர்கிறது. வாங்குவதற்கு முன்னால் இந்த மாதச் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தானாகச் சொல்வதில்லை.

இன்னொன்று, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கழற்றி வைத்துவிடுவார். நான் சண்டை போட்டேன், இவ்வளவு காசு கொடுத்து வாங்கினது டப்பாவுல தூங்கவா என்று. "கேட்டுக் கேட்டு அசதியா இருக்குது கண்ணு" என்றார். கேட்பதில் என்ன அசதி என்று நினைத்தேன். நமக்கு அது மூச்சு விடுவது மாதிரி, அவருக்கு அது வேலை.

செயலிக்கு வருகிறேன். இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப், 2019 பிப்ரவரியில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனெவ்ஸ்கி சின்ன வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். வாஷிங்டனில் காது கேளாதோருக்காகவே நடக்கும் கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தார்கள். பிறகு அதே மாதிரி வேறு சிலவும் வந்திருக்கின்றன, நான் புழங்குவது எதுவென்று இங்கே முக்கியமில்லை. வேலை எளிது. மொழி தமிழ் என்று வைத்து, கைபேசியைப் பேசுகிறவர் பக்கம் நீட்ட வேண்டும், எழுத்து ஓடும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எட்டாவது வரை படித்து, இன்றும் டீக்கடையில் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் அப்பாவுக்கு இது தோதாக இருந்தது.

தமிழ் எப்படி என்று கேட்பீர்கள். டிவிச் செய்தி மாதிரி பேசினால் ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சு பேசினால் கூத்துதான். அம்மா "பொறகால வாங்க" என்றது ‘பொற்கால வாங்க’ என்று வந்தது. ‘சித்த நேரம்’ என்பது ‘சித்தர் நேரம்’ ஆனது. "ரவைக்கு வர்றீங்களா" என்று, அதாவது ராத்திரிக்கு வருகிறீர்களா என்று கேட்டதை எழுத்துப் பிசகாமல் எழுதியது, ஆனால் என் வீட்டுக்காரர், அவருக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், அதைப் படித்துவிட்டு உப்புமா செய்வதைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்தார். அப்பா இந்தத் தப்பையெல்லாம் சுலபமாகத் திருத்திப் படித்துக்கொள்கிறார், வாழ்நாள் முழுக்க ஊகித்தவர் ஆயிற்றே. இணையம் நன்றாக இருக்க வேண்டும். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் தடுமாறும். மைக் பக்கத்தில் இருப்பவர் சொல்வதுதான் ஒழுங்காக விழும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் ஒரே வாக்கியமாகக் குழைந்துவிடும். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கிச் செருகினால் கொஞ்சம் மேல். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால், பேங்க் கவுண்டரில், இந்த இரண்டு இடத்துக்காகவே இதைக் கைபேசியில் வைத்திருக்கலாம். அப்பா இப்போது தனியாக பேங்க் போகிறார், கவுண்டரில் கைபேசியை வைத்துவிட்டு, "இதுக்குப் பாத்துப் பேசுங்க" என்கிறார்.

இதோடு முடித்திருந்தால் இது சாதாரண விமர்சனம். பொங்கலன்று ஒன்று நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் நான் கொடுத்த மார்க்குக்கு அர்த்தம் இல்லை.

பொங்கல் மதியம் அம்மா வீட்டில் பதினோரு பேர். தம்பி குடும்பம், மாமா, அத்தை, நாங்கள். அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் டம்ளரில் சாய்த்துக் கைபேசியை வைத்து, செயலியை ஓடவிட்டேன். எனக்குப் பெருமை வேறு. அப்பா சாப்பிட்டுக்கொண்டே குனிந்து குனிந்து படித்தார். இந்தச் செயலியில் ஒரு வசதி, ஓடிய எழுத்து மூன்று நாளைக்கு உள்ளே இருக்கும். மறுநாள் ராத்திரி, தமிழ் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் அதை எடுத்துப் படித்தேன்.

இரண்டு மணி நேரப் பேச்சு. பாதி குழப்படிதான், யார் பேசியது என்றும் இருக்காது, ஆனால் வீட்டு ஆட்கள் பேச்சு நமக்குத் தெரியாதா. மாமா கேரளா போன கதை, தம்பி பெண்ணின் மார்க், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு பத்தாமல் போனது. நடுவில் நடுவில் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று போட்டிருந்தது. அப்பாவைப் பார்த்துச் சொன்னவற்றை மட்டும் எண்ணினேன். சாதம் போட்டுக்குங்க. தள்ளி உக்காருங்கப்பா. மாத்திரை போட்டாச்சுங்களா. காத்தாடியைக் குறைக்கட்டுங்களா. மிஷின் மாட்டியிருக்கீங்களா. பாயசம் வேண்டாம், சுகர் ஏறிரும். மொத்தம் ஆறு. அதுபோக இரண்டு தடவை "ஒண்ணுமில்லைங்கப்பா, அப்புறம் சொல்றேன்." ஒன்று தம்பி சொன்னது. ஒன்று நான்.

தம்பி எதற்கு அப்படிச் சொன்னான் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பில் அப்பாவின் சொந்தத் தறி இரண்டு, ஓடாமல் நிற்கிறது. கூலி கட்டுப்படியாகாமல் நிறுத்தியது. அதைப் பழைய இரும்புக் கணக்கில் எடைக்குப் போட்டுவிடலாமா, கிலோ என்ன விலை போகும், சாய்ப்பை இடித்தால் கார் நிறுத்தலாம் என்று தம்பியும் மாமாவும் பேசியிருக்கிறார்கள். நானும் நடுவில் ஏதோ சொல்லியிருக்கிறேன். தறிக்குச் சொந்தக்காரர் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து ரசம் பிசைந்துகொண்டிருந்தார். குழப்படியான எழுத்துக்கு நடுவில் ‘பழைய இரும்பு’ என்ற இரண்டு வார்த்தை மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. "என்ன இரும்புப்பா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் அந்தப் பதில். அதற்கு அடுத்த வரியில் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. யாரும் அப்புறம் சொல்லவில்லை.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தம்பி அப்பாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவன். விஷயம் என்னவென்றால் ஒன்றை அவரிடம் சொல்ல, எழுந்து, எதிரில் போய், முகத்தைக் காட்டி, நிதானமாக, சில சமயம் இரண்டு தடவை சொல்ல வேண்டும். வேடிக்கைப் பேச்சுக்கு அந்த மெனக்கெடல் எதற்கு என்று விட்டுவிடுகிறோம். வீட்டுப் பேச்சில் முக்கால்வாசி வேடிக்கைதானே. அமெரிக்காவில் காது கேளாதவர்கள் இதற்கு ‘டின்னர் டேபிள் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவர் மட்டும் பேச்சுக்கு வெளியே இருப்பது. எங்கள் வீட்டில் மேசை இல்லை, தரையில் இலை போட்டுத்தான் சாப்பிடுகிறோம், மற்றதெல்லாம் பொருந்துகிறது.

இதை நான் புரிந்துகொண்டது படித்து அல்ல. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். செக்கிங் பகுதியில் காது கேளாத பிள்ளைகள் ஆறு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் பிறவியிலேயே கேட்காதவர்கள், சைகை மொழிக்காரர்கள். பொங்கல் முடிந்து வேலைக்குப் போன வாரம், மதியம் ஒரு சம்பளக் கணக்கு விஷயமாக அவர்கள் சாப்பிடும் இடத்துக்குப் போனேன். வட்டமாக உட்கார்ந்து ஆறு பேரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் எழுந்து யாரையோ நடித்துக் காட்டினான், தொப்பையைத் தள்ளி, கைபேசியைக் காதில் வைத்து. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரை, எதற்கு என்று எனக்கு ஒன்றும் தெரியாது, எங்கள் சூப்பர்வைசரா, சினிமாவா, நானேதானா. சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் முகம் எனக்குத் தெரிந்தது. வாயை லேசாகத் திறந்து, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றி மாற்றி, எல்லோரும் நிறுத்தியதும் ஒரு நொடி பிந்தி நிறுத்துகிற சிரிப்பு. அது அப்பாவின் சிரிப்பு.

பக்கத்திலிருந்த பெண்ணிடம் என்ன என்று கையைக் காட்டிக் கேட்டேன். கைபேசியில் தட்டிக் காட்டினாள்: ‘ஒன்னும் இல்ல அக்கா சும்மா.’ சின்னப் பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஐந்து நிமிடம்தான் அங்கே நின்றிருப்பேன்.

பிறகு அவளோடு கொஞ்சம் பழக்கமானது, தட்டித் தட்டிப் பேசுவோம். அப்பாவுக்காகப் போட்ட செயலியைக் காட்டினேன், பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு. தலையாட்டினாள், அவ்வளவு உற்சாகமில்லை. கேட்டதில் சொன்னாள், அவளுக்குச் சைகைதான் முதல் மொழி, தமிழ் எழுத்து பள்ளிக்கூடத்தில் கஷ்டப்பட்டுக் கற்ற இரண்டாவது மொழி, வேகமாக ஓடினால் படிக்க முடியாது. காதால் தமிழ் கேட்டு வளர்ந்து பின்னால் கேட்பை இழந்த அப்பாவும், பிறந்ததிலிருந்து கண்ணால் பேசி வளர்ந்த அவளும் ஒன்று இல்லை, இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. ஆகவே வாங்குபவர்கள் கவனிக்க: இந்தச் செயலி எல்லாக் காது கேளாதவர்களுக்கும் பொதுவான மருந்து கிடையாது. அவளிடம் லீவு நாளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். ‘லீவு போர். கம்பெனி வந்தா பேசலாம். வீட்ல அம்மா கொஞ்சம் சைகை. மத்தவங்க டிவி’ என்று வந்தது. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் கேட்புக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சம் பேர். அதில் எத்தனை பேருக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படியோ.

அப்பாவிடம் போய், தறிக்குடோனில் எப்படித்தான் பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. அவர் முகம் மாறிவிட்டது, எழுந்து நின்றே காட்டினார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டினால் பாவு இழை, அதாவது நீளவாக்கு நூல், அறுந்துவிட்டது. பெருவிரலை உதட்டில் சாய்த்தால் டீ. தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) தீர்ந்தது, மேஸ்திரி வருகிறார், கரண்ட் போகும், எல்லாவற்றுக்கும் ஒன்று இருக்கிறது. மற்றதெல்லாம் வாயைப் பெரிதாகத் திறந்து சத்தமில்லாமல் பேசுவது. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைத் தறிகளில் இதே மாதிரி பேசியதற்கு ‘மீ மாயிங்’ என்று பெயர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த இரைச்சலுக்குள் யாருக்கும் காது கேட்காது, அதனால் எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் பேசினார்கள். "குடோன்ல நான் பேசாத பேச்சா" என்றார் அப்பா. வீட்டுக்கு வந்து அமைதியில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது.

தறி விஷயத்தைத் தம்பியே அடுத்த ஞாயிறு அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்து, ஒன்றை விற்றுக்கொள், ஒன்று நிற்கட்டும் என்றார். கார் இப்போது வாசலிலேயேதான் நிற்கிறது.

வாங்கப்போகிறவர்களுக்கு இனிச் சுருக்கமாக. கடைக்கு மிஷின் போடப்போகிறவரையும் கூட்டிப்போய் அவரையே பேசவிடுங்கள், கடைக்காரர் உங்களைப் பார்த்துக் கேட்டால் தலையை அவர் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் ஒரு மாதிரி இருக்கும், பிறகு அவர்களே புரிந்துகொள்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில நாள் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டு காதும் போயிருந்தால் ஒரு காதுக்கு மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்காதீர்கள், எங்கள் மாமா அப்படிச் செய்து எந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாலும் எதிர்ப்பக்கம் திரும்புகிறார். செயலி இருக்கிறதே என்று டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் பேசக்கூடாது, ஒருத்தர் பேசி முடித்து இன்னொருத்தர் பேச வேண்டும், எங்கள் வீட்டில் இது இன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, அதற்குத்தான் ஒன்றரை மார்க். சைகை கற்க ஆசைப்பட்டால் டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 10,000 சொல் கொண்ட அகராதியை வீடியோவாகவே போட்டிருக்கிறது, இலவசம். நான் எண்பது தொண்ணூறு சொல்லில் நிற்கிறேன். என் பெண் என்னை விட வேகம், அப்புச்சியின் தறிச் சைகையையும் இதையும் கலந்து அடிக்கிறாள், கம்பெனிப் பெண்ணிடம் என் பெண்ணின் வீடியோவைக் காட்டினால் பாதி புரியவில்லை என்கிறாள்.

பேட்டரி விஷயம் ஒன்று விட்டுப்போய்விட்டது. ஸ்டிக்கரை உரித்தவுடன் மிஷினுக்குள் போடாதீர்கள், உள்ளே காற்றுப் போய்த்தான் அது வேலை செய்யவே ஆரம்பிக்கும், ஒரு நிமிடம் போல வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டிச் சேமிக்கவும் முடியாது, நாங்கள் முதல் அட்டை முழுவதையும் அப்படித்தான் வீணாக்கினோம்.